முதியவரின் சிகிச்சையை யார் முடிவு செய்வது? மருத்துவப் பிரதிநிதி நியமனம்: சட்டமும் நடைமுறையும்

“அப்பாவுக்கு ஒன்று என்றால் நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா, இதற்கெல்லாம் எதற்குப் பத்திரம்?” முதியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் பதில் இது. பார்த்துக்கொள்வார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நினைவிழந்து கிடக்கும் ஒருவருக்காக எந்தச் சிகிச்சையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்தியாவில் இதை இன்றும் பெரும்பாலும் வழக்கம்தான் நடத்துகிறது. வழக்கம் கைவிடும் இடத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழியைத் திறந்தது, 2023-ல் அதை எளிதாக்கியது. அந்த வழி எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு, தனக்காகப் பேசும் ஆளை, அதாவது மருத்துவப் பிரதிநிதியை, நியமிப்பதுதான் பயன் தரும்.

உறவினரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

பதினெட்டு வயது நிரம்பிய, தெளிவாக யோசிக்கக்கூடிய எவருக்கும் சிகிச்சை தர அவருடைய சம்மதம்தான் வேண்டும். எண்பது வயதானாலும் இதுவே விதி. மனைவியோ மகனோ போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் மருத்துவர் அகற்றிவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. நோயாளி மயக்கம் தெளிந்ததும் தானே முடிவு சொல்லக்கூடியவர். ஆகவே தாயின் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு.

நோயாளி பேச முடியாத நிலையில் வந்து சேர்ந்தால் நிலைமை வேறு. உயிரைக் காப்பாற்றும் அவசர சிகிச்சைக்கு மருத்துவர் யாருடைய கையெழுத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வென்டிலேட்டர் ஒன்றிரண்டு வாரத்தைத் தாண்டும் போலிருந்தால் தொண்டையில் துளையிடலாமா என்று கேட்பார்கள். சிறுநீரகம் பின்வாங்கினால் டயாலிசிஸ். மூக்குக் குழாய் உணவு வாரக்கணக்கில் நீண்டால் வயிற்றில் நேராகக் குழாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்மதப் படிவம். அதில் ‘நோயாளிக்கு உறவு’ என்று ஒரு கட்டம். அந்த நேரத்தில் ஐசியு வாசலில் நிற்பவர் யாரோ அவர் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறும். முதலில் மனைவி, பிறகு மூத்த மகன் என்று வரிசைப்படுத்தும் பொதுச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. குடும்பம் ஒரே குரலில் பேசும்வரை இந்த ஏற்பாடு ஓடும். ஓடாத இடங்கள் இவை:

1. பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மகள் “போதும், கஷ்டப்படுத்த வேண்டாம்” என்பார். வெளிநாட்டிலிருந்து இறங்கிய மகன் “எல்லாவற்றையும் செய்யுங்கள்” என்பார். எந்த மருத்துவரும் வழக்கை விலைக்கு வாங்க மாட்டார், எல்லாமே தொடரும். நோயாளி என்ன விரும்பியிருப்பார் என்பது யாருடைய கேள்வியாகவும் இராது.
2. வாழ்க்கைத் துணைக்கும் அதே வயது, அதே தளர்ச்சி. சில வீடுகளில் அவருக்கே மறதி நோய் இருக்கும்.
3. பிள்ளை இல்லாதவர்கள், மணமாகாதவர்கள், தனியாக வாழ்பவர்கள். இவர்களைக் கவனிப்பவர் சகோதரியின் மகனாகவோ தோழியாகவோ இருப்பார். படிவத்தின் ‘உறவு’ கட்டத்தில் அவருக்கு இடம் இருக்காது. பல வருடமாக எட்டிப் பார்க்காத தம்பி வந்து நின்றால் அவர் பேச்சுதான் எடுபடும்.

அருணா ஷான்பாக் வழக்கு பலருக்குக் கருணைக்கொலை வழக்காகவே நினைவிருக்கிறது. அதன் மையத்தில் இருந்த கேள்வி இன்னொன்று: பேச முடியாதவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு? மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா, 1973 நவம்பரில் நடந்த தாக்குதலுக்குப் பின் நினைவு திரும்பாமலேயே கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களே அருணாவுக்கு நெருங்கியவர்கள், மனுதாரர் அல்ல என்று 2011-ல் நீதிமன்றம் தீர்மானித்தது. ஊழியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள், மனு தள்ளுபடியானது. 2015 மே மாதம் அருணா இறந்தார். அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

முடிவெடுக்கும் திறன் என்றால் என்ன?

பிரதிநிதியின் அதிகாரம் எப்போது தொடங்குகிறது என்பது இதைப் பொறுத்தது. கண் திறந்து பார்க்கிறார், பெயர் சொன்னால் திரும்புகிறார் என்பதெல்லாம் போதாது. மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: சொல்லப்படும் தகவல் அவருக்குப் புரிய வேண்டும், இந்தச் சிகிச்சையை ஏற்றால் என்ன ஆகும், மறுத்தால் என்ன ஆகும் என்பதை உணர வேண்டும், தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ எழுத்தாலோ தெரிவிக்க வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது.

இந்தத் திறன் வந்து போகக்கூடியது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, பெரிய அறுவைசிகிச்சை போன்றவற்றால் முதியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் குழப்பம் வருவது மிகச் சாதாரணம். ஊசியைப் பிடுங்குவார், மகளை அம்மா என்பார், பிறகு தெளிந்துவிடுவார். அந்த இடைவெளிக்கு மட்டும் பிரதிநிதி பேசுவார். தெளிந்ததும் முடிவு மறுபடி நோயாளியின் கைக்குப் போய்விடும்.

மறதி நோய் என்று எழுதிவிட்டாலே கையெழுத்து செல்லாது என்ற பயமும் தவறு. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் ‘எனக்காக இவள் பேசட்டும்’ என்று நியமிக்கும் அளவுக்குத் தெளிவாகவே இருப்பார். ஆனால் அந்தக் காலம் சுருங்கிக்கொண்டே போகும். நோய் தெரிந்த மாதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. கையெழுத்திடும் அன்றே, புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது என்று ஒரு மருத்துவரின் சான்றிதழையும் வாங்கி இணைத்துவிட்டால், பின்னால் எவரும் “அவருக்கு அப்போதே நினைவில்லை” என்று கிளப்ப முடியாது.

வேலைக்கு ஆகாத தாள்கள்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சில ஆவணங்களை நம்பி மக்கள் நிம்மதியாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பவர் பத்திரம். இதுதான் பெரிய ஏமாற்றம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் மனநிலை தவறினாலோ இறந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில், கொடுத்தவர் திறன் இழந்த பிறகும் நீடிக்கும் பவர் பத்திரத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை. எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில் இந்தத் தாள் வலுவிழந்து நிற்கும். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு மாதிரிப் படிவத்தை அப்படியே நிரப்பி வைத்திருப்பவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

நாமினி. வங்கியிலும் காப்பீட்டிலும் கொடுத்த பெயர் பணத்தை வாங்குவதற்கு மட்டும். சிகிச்சை பற்றி அவருக்குத் தனி உரிமை எதுவும் வராது.

உயில். இறந்த பிறகே பேசும்.

2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஜீவனாம்சத்துக்கும் சொத்துப் பாதுகாப்புக்கும் உதவும். சிகிச்சைக்கு ஆள் நியமிக்கும் வழி அதில் இல்லை.

இந்த வரிசையில் உண்மையாகவே கைகொடுப்பது, ‘இருவரில் எவரேனும்’ என்ற முறையில் இயங்கும் கூட்டு வங்கிக் கணக்கு. அது பணத்துக்கு மட்டும்தான். ஆனால் நள்ளிரவில் முன்பணம் கேட்கும்போது அதன் அருமை தெரியும்.

எதுவுமே செய்து வைக்காவிட்டால் மிஞ்சுவது உயர் நீதிமன்றம். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததால், அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் இதற்கு வழிமுறைகள் வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல், கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியையே காப்பாளராக நியமித்து, சிகிச்சைச் செலவுக்காகச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. தனி நீதிபதி “சிவில் நீதிமன்றம் போ” என்று அனுப்பிவிட்ட பிறகு, மேல்முறையீட்டில்தான் அந்தப் பெண்ணுக்கு நிவாரணம் கிடைத்தது. கணவர் நினைவில்லாமல் கிடக்கும்போது வக்கீல் அலுவலகம் ஏறி இறங்குவது என்ன பாடு என்று விளக்கத் தேவையில்லை.

சட்டம் தரும் மூன்று கருவிகள்

*முதலாவது, லிவிங் வில்.* மீளவே முடியாத நோய்க்கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி, தன் சார்பில் பேச ஆளையும் குறிப்பிடும் ஆவணம். இனி இதை முன்விருப்ப ஆவணம் என்போம். ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005-ல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதை அங்கீகரித்தது. கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்று வைத்த நிபந்தனையால் பெரும்பாலோரால் எழுத முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று இன்னொரு அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. இப்போது நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் பிரதிநிதிகளாகக் குறிப்பிடலாம்.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. தீர்ப்பின்படி பிரதிநிதிக்குக் கிடைக்கும் அதிகாரம், ஆவணத்தில் உள்ளதற்கு இணங்கச் சிகிச்சையை மறுக்கவோ விலக்கவோ சம்மதம் தருவது. இடுப்பு எலும்பு முறிவுக்கு எந்த அறுவைசிகிச்சை, எந்த மருத்துவமனை போன்ற அன்றாட முடிவுகளை அது நேரடியாகத் தொடவில்லை. அதற்காகத்தான் மற்ற இரண்டும்.

*இரண்டாவது, மனநலச் சட்டத்தின் நியமனப் பிரதிநிதி.* 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ கைரேகை வைத்தோ ஒருவரை நியமிக்கலாம். அவர் வயதுவந்தவராக இருக்க வேண்டும், எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இது மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும் பொருந்தும். ஆனால் மனநோய் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில் நினைவாற்றல், இடம்-காலம் உணர்தல் ஆகியவற்றின் கடுமையான கோளாறும் அடங்கும். மறதி நோயோடு மனநலப் பிரிவில் சேர்க்க நேர்ந்தால் இந்த நியமனம் பேசும்.

*மூன்றாவது, ஒரு சாதாரண அதிகாரக் கடிதம்.* “என் மருத்துவ விவரங்களை இவரிடம் சொல்லலாம், ஆவணங்களை இவரிடம் கொடுக்கலாம், நான் பேச இயலாதபோது சிகிச்சை பற்றி முதலில் இவரைக் கலந்துகொள்ள வேண்டும்.” 2002-ம் ஆண்டு மருத்துவத் தொழில் நெறி விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும், இந்தக் கடிதம் இருந்தால் கேட்க முடியும். சம்மதம் தரும் முழு அதிகாரத்தை இது உண்டாக்கிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் நான்கு உறவினர் நான்கு விதமாகப் பேசும்போது, யாரிடம் பேச வேண்டும் என்று மருத்துவருக்குக் காட்டும் எழுத்துச் சான்று இது ஒன்றுதான்.

மூன்றிலும் ஒரே ஆளின் பெயர் இருக்கட்டும். வேறு வேறு பெயர் போட்டு அனைவரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால், ஐசியு வாசலில் அத்தனை பேரும் ஆளுக்கொரு தாளோடு நிற்பார்கள்.

யாரை நியமிப்பது?

பாசம் அதிகம் யாருக்கு என்பது இங்கே தவறான அளவுகோல். அதிகப் பாசம் உள்ளவருக்குத்தான் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல வாய் வராது. கேட்க வேண்டியவை வேறு. உங்கள் விருப்பம் தன் விருப்பத்துக்கு எதிராக இருந்தாலும் அதை எடுத்துச் சொல்வாரா? மருத்துவரிடம் “புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்கும் துணிவு உண்டா? அழைத்தால் எடுப்பாரா? மூத்த மகன் என்பதாலேயே கொடுக்கப்படும் பதவி அல்ல இது.

வெளிநாட்டில் இருப்பவரை ஒரே பிரதிநிதியாகப் போடுவது சிக்கல். முதல் பெயர் அவராகவே இருந்தாலும் இரண்டாவது பெயர் சில மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவருடையதாக இருக்கட்டும். இரண்டு பேரைப் போடும்போது ‘இருவரும் சேர்ந்து’ என்று எழுதினால் ஒருவர் மறுத்தாலே எல்லாம் நின்றுவிடும். ‘முதலாமவர் கிடைக்காதபோது இரண்டாமவர்’ என்று வரிசை போடுவதே பாதுகாப்பு.

தீர்ப்பின் சொற்கள் ‘காப்பாளர்கள் அல்லது நெருங்கிய உறவினர்கள்’ என்பவை. ரத்த உறவில்லாத நண்பரை நியமிப்பவர், ‘என் காப்பாளராக நியமிக்கிறேன்’ என்று அதே சொல்லில் எழுதி, எத்தனை வருடப் பழக்கம், உறவினரை ஏன் போடவில்லை என்பதை ஒரு வரியில் சேர்ப்பது நல்லது. பின்னால் கேள்வி எழுப்பப்போவது அந்த உறவினர்தான்.

பிரதிநிதியானால் மருத்துவமனை பில் தன் தலையில் விழுமோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நியமனத்தால் மட்டும் அந்தப் பொறுப்பு வராது. அட்மிஷன் கவுண்டரில் நீட்டும் படிவங்களில் ‘கட்டணத்துக்கு நான் பொறுப்பு’ என்ற உறுதிமொழித் தாளும் கலந்து இருக்கும். எதில் கையெழுத்திடுகிறோம் என்று படித்துவிட்டுப் போட வேண்டும்.

ஆவணத்தில் என்ன எழுதுவது?

“எனக்குத் தேவையில்லாத சிகிச்சை வேண்டாம்” என்று எழுதினால் அது வீண். தேவையில்லாதது எது என்பதுதானே கேள்வி. தெளிவற்ற ஆவணத்தை மருத்துவக் குழு ஏற்காது. ஆவணமே இல்லாத நோயாளியாகவே உங்களை நடத்த வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. நிலையையும் சிகிச்சையையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். ஒரு மாதிரி:

“எனக்குக் குணமாக வாய்ப்பில்லாத நோய் முற்றிய நிலையில், அல்லது நினைவு திரும்ப நியாயமான வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழு கருதும் நிலையில், நான் முடிவெடுக்க இயலாதபோது: (அ) இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்கும் முயற்சி வேண்டாம்; (ஆ) வென்டிலேட்டர், டயாலிசிஸ், ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பிடிக்கும் மருந்துகள் தொடங்க வேண்டாம், தொடங்கியிருந்தால் விலக்கலாம்; (இ) குழாய் வழி உணவு பற்றி என் பிரதிநிதி முடிவு செய்வார்; (ஈ) வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்தும் பராமரிப்பும் கடைசிவரை தொடர வேண்டும்.”

கடைசி வரி மிக முக்கியம். உயிர்காக்கும் கருவியை விலக்குவது என்றால் கைவிடுவது என்று அர்த்தமில்லை; நிவாரண சிகிச்சை முழுமையாகத் தொடரும். விஷ ஊசி போட்டு உயிரை முடிப்பதை இந்தத் தீர்ப்பு அனுமதிக்கவில்லை, அது இன்றும் குற்றமே.

‘தொடங்கவே வேண்டாம்’ என்று மொத்தமாக அடைத்துவிடுவதும் சில நேரம் பாதகமாகும். நிமோனியாவுக்கு ஐந்து நாள் வென்டிலேட்டர் வைத்து மீண்டு வீட்டுக்கு நடந்து போகும் எழுபது வயதுக்காரர்கள் உண்டு. நோயின் போக்கு தெளிவாகாத நிலைக்கு, ‘ஒரு வாரம் முயன்று பார்க்கலாம், முன்னேற்றமில்லை என்று மருத்துவர் கருதினால் விலக்கலாம்’ என்று கெடு வைத்து எழுதலாம். நெஞ்சை அழுத்தும் முயற்சி பற்றியும் உண்மையைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்: முதியவர்களுக்கு அதில் விலா எலும்பு முறிவது சகஜம், இதயம் திரும்பினாலும், அதுவரை மூளைக்குப் போகாத ரத்தம் போகாததுதான்.

எழுதி முடிக்கும் படிகள்

1. முதலில் பேச்சு. நியமிக்கப்போகும் ஆளோடும் குடும்ப மருத்துவரோடும் உட்கார்ந்து பேசாமல் எழுதிய ஆவணம், படிப்பவருக்கு ஊகமாகவே இருக்கும்.
2. தமிழிலேயே எழுதலாம். முத்திரைத்தாள் கட்டாயம் என்று தீர்ப்பில் இல்லை. எந்த நேரத்திலும் இதை ரத்து செய்யலாம் என்பதும், விளைவைப் புரிந்துகொண்டே எழுதுகிறேன் என்பதும் ஆவணத்தில் இருக்க வேண்டும். அதாவது, விளைவுகள் விளக்கப்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன் என்ற வரி.
3. பிரதிநிதிகளின் முழுப்பெயர், உறவு, முகவரி, தொலைபேசி எண். இரண்டு எண் கொடுங்கள்.
4. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து. சாட்சிகள் கூடியவரை சார்பற்றவர்களாக இருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. சொத்தில் பங்குள்ளவரையும், பிரதிநிதியாகப் போடப்பட்டவரையும் சாட்சியாக வைக்காதீர்கள்.
5. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் சான்றொப்பம். பச்சை மையில் போடும் வெறும் ‘உண்மை நகல்’ கையெழுத்து அல்ல இது. வற்புறுத்தல் இல்லை, விளைவு தெரிந்தே எழுதுகிறார் என்று தமக்குத் திருப்தி ஏற்பட்டதை அவர் பதிவு செய்ய வேண்டும். சாட்சிகளும் அதையே செய்ய வேண்டும்.
6. நகல்கள்: பிரதிநிதிகளுக்கு, குடும்ப மருத்துவருக்கு, உள்ளாட்சி அமைப்புக்கு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒவ்வொன்றும் இதைப் பாதுகாக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். மகாராஷ்டிரா அப்படிப் பாதுகாவலர்களை நியமித்தது. கர்நாடகம் 2025 ஜனவரியில் தீர்ப்பைச் செயல்படுத்த ஆணை வெளியிட்டது. உங்கள் ஊர் அலுவலகத்தில் “இப்படி ஒன்று வந்ததே இல்லையே” என்றால், முகப்புக் கடிதத்தோடு கொடுத்து நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள்.
7. 14 இலக்க ஆபா (ABHA, அரசின் மின்னணு மருத்துவக் கணக்கு) எண் இருந்தால், அந்த மின்னணு மருத்துவப் பதிவிலும் ஆவணத்தைச் சேர்க்கலாம். மின்னணுப் பதிவை வைத்தும் ஆவணத்தின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம் என்று 2023 தீர்ப்பு அனுமதிக்கிறது.

மருத்துவமனையில் அது எப்படி இயங்கும்?

ஆவணத்தைக் காட்டிய உடனே கருவி நின்றுவிடாது. நோய் தீராதது, முடிவெடுக்கும் திறன் இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதி செய்து, ஆவணம் உண்மைதானா என்று சரிபார்ப்பார். பிறகு மருத்துவமனை முதன்மை மருத்துவக் குழுவை அமைக்கும்: சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள துறை நிபுணர்கள் இருவரும். 2018-ல் இது இருபது வருட அனுபவமாக இருந்தது. பெரிய நகரங்களுக்கு வெளியே அப்படிக் குழு சேர்ப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. இக்குழு கூடியவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அது சரி என்றால், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரும் வேறு இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு, மறுபடி 48 மணி நேரத்தில் பார்க்கும். நோயாளியால் சொல்ல முடியாத நிலையில் பிரதிநிதியின் சம்மதம் இங்கே கட்டாயம். முடிவைச் செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். அனுமதி கேட்பதல்ல, தெரிவிப்பது மட்டும். குழு மறுத்தால் பிரதிநிதி உயர் நீதிமன்றம் போகலாம்.

ஆவணம் எழுதாத நோயாளிக்கும் இதே இரட்டைக் குழு முறை உண்டு, உறவினரின் சம்மதத்தோடு. “அப்படியானால் எழுதுவானேன்?” என்று கேட்கலாம். எந்த உறவினர் என்ற கேள்வியும், அவர் என்ன விரும்பினார் என்ற ஊகமும் அங்கே அப்படியே நிற்கும். ஆவணம் அந்த இரண்டுக்கும் விடை வைத்திருக்கிறது.

பிரதிநிதி இந்த நான்கு நாளும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழு பார்க்க வரும்போது உடனிருக்க வேண்டியவர் அவர். “எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போய்விடுங்கள்” என்று மருத்துவமனை தரப்பில் யாராவது சொன்னால், அது இந்த வழிமுறை அல்ல. மருத்துவ ஆலோசனைக்கு எதிராக டிஸ்சார்ஜ் வாங்குவது அது. வழியில் மூச்சுத்திணறினால் மருந்து கொடுக்கக்கூட ஆள் இருக்காது. குழு அமைக்கும்படி எழுத்தில் கேட்டு, கொடுத்த மனுவின் நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குவதே பிரதிநிதி செய்ய வேண்டியது.

எங்கே சறுக்கும்?

அதிகம் சறுக்குவது பீரோவில். வங்கி லாக்கரிலும் பூட்டிய அலமாரியிலும் வைத்த மூலப்பிரதி, ஞாயிற்றுக்கிழமை இரவு யாருக்கும் உதவாது. பிரதிநிதியின் கைபேசியில் ஸ்கேன் பிரதி இருக்கட்டும். முதியவரின் பர்ஸில், மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பின்னால், “முன்விருப்ப ஆவணம் எழுதியுள்ளேன், அழைக்க வேண்டியவர்:” என்று பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

அடுத்தது, மாறிய சூழ்நிலை. எழுதும்போது எதிர்பாராத ஒன்று நடந்து, அது தெரிந்திருந்தால் அவர் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பார் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் ஆவணம் பொருந்தாது. பத்து வருடத்துக்கு முன் நலமாக இருந்தபோது எழுதியதை, புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகும் தொடாமல் வைத்திருந்தால் இந்தக் கேள்வி வரும். புதிய நோய், துணையின் மரணம், பிரதிநிதி வெளிநாடு போவது, அவரோடு மனத்தாங்கல் என்று எது நடந்தாலும் எடுத்துப் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லையென்றாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தேதியிட்டுக் கையெழுத்திட்டு வைப்பது நல்லது.

மாற்றுவதற்கும் அதே நடைமுறைதான்: எழுத்து, இரண்டு சாட்சிகள், நோட்டரி. ரத்து செய்வதும் எழுத்தில் இருக்க வேண்டும். ரத்து செய்யாத இரண்டு ஆவணங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். ஆனால் பழைய பிரதியை வைத்திருப்பவருக்குப் புதியது எழுதப்பட்டதே தெரியாமல் போகலாம். ஆகவே புதியதை எழுதும் அன்றே பழைய நகல் யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரிடமிருந்தும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ரத்துக் கடிதத்தோடு சேர்த்தே புதியதை அனுப்ப வேண்டும்.